கிராண்ட் கேன்யன் நாட்குறிப்பு: அப்பாவுக்கு ஆறு, அம்மாவுக்கு முழங்கால்

புதன் இரவு, கிளம்புவதற்கு முன்

முதலில் எந்த கிராண்ட் கேன்யன் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பெயரில் அரிசோனாவில் மூன்று இடங்களுக்கு ஆட்கள் போகிறார்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக மணிக்கணக்கில் கார் ஓட்ட வேண்டும். காலண்டரிலும் கம்ப்யூட்டர் திரையிலும் நாம் பார்த்துப் பழகிய காட்சிகள் பெரும்பாலும் தெற்கு விளிம்பு, அதாவது சவுத் ரிம். ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும். நேர் எதிரே தெரிவது நார்த் ரிம். காக்கை பறந்தால் 16 கிலோமீட்டர்தான், காரில் சுற்றிப் போனால் கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர். குளிர்காலத்தில் பனியால் மூடிவிடுவார்கள், போதாக்குறைக்கு 2025 ஜூலையில் காட்டுத்தீயில் அங்கிருந்த பழைய லாட்ஜே எரிந்துபோனது, அதனால் அந்தப் பக்கம் போக நினைப்பவர்கள் என்ன திறந்திருக்கிறது என்று தனியாக விசாரித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, கண்ணாடிப் பாலம் இருக்கும் கிராண்ட் கேன்யன் வெஸ்ட். அந்த ஸ்கைவாக் 2007இல் திறந்தது, இருப்பது வாலபாய் பழங்குடியினரின் நிலத்தில், தேசியப் பூங்காவுக்கு எடுத்த பாஸ் அங்கே செல்லாது. தம்பி முதலில் அனுப்பிய மேப் லிங்க் நேராக அந்தப் பாலத்துக்குத்தான் போனது!

நாங்கள் போவது தெற்கு விளிம்பு. நான், தம்பி, அப்பா, அம்மா. அப்பாவுக்கு எழுபதை நெருங்கும் வயது, தினமும் காலையில் வேகமாக நடப்பவர், அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அம்மாவுக்கு வலது முழங்காலில் தேய்மானம், சமதரையில் பிரச்சினை இல்லை, படி இறங்கினால்தான் வலி. இந்த இரண்டு பேரையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவர நான் பட்ட பாடு தனிக் கதை.

மே மாதக் கடைசியைத் தேர்ந்தெடுத்தோம். ஜூன் பிறந்தால் பள்ளத்தின் அடியில் வெயில் 40 டிகிரியைத் தொடும், ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை பிற்பகல்களில் இடியும் மின்னலும் வரும், விளிம்பில் நிற்பவர்தான் அந்த வட்டாரத்திலேயே உயரமான பொருள் என்பதை மறந்துவிடக் கூடாது. அறையைப் பொறுத்தவரை, பூங்காவுக்குள் இருக்கும் லாட்ஜ்களில் 13 மாதம் முன்பே முன்பதிவு தொடங்கிவிடுகிறது. எங்களுக்கு உள்ளே கிடைத்தது யாரோ ரத்து செய்ததால். கிடைக்காவிட்டால் தெற்கு வாசலுக்கு வெளியே டுசாயன் என்ற சின்ன ஊர் இருக்கிறது, அங்கே தங்குவதில் ஒரு குறையும் இல்லை, காலையில் வாசலில் வரிசை நீள்வதற்கு முன் உள்ளே போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

மேப்பை போனில் இறக்கி வைத்தாயிற்று, உள்ளே சிக்னலை நம்ப முடியாது. ஆளுக்கு இரண்டு தண்ணீர் பாட்டில், காலியாகத்தான் கொண்டுபோகிறோம். பூங்காவுக்குள் தண்ணீர் பாட்டில் விற்பதை 2012இலேயே நிறுத்திவிட்டார்கள், நிரப்பிக்கொள்ளக் குழாய்கள் இருக்கின்றன. ஸ்வெட்டர் எடுத்து வைத்தபோது அப்பா சிரித்தார். "பாலைவனத்துக்கு எதுக்கும்மா ஸ்வெட்டர்?"

வியாழன்

பீனிக்ஸிலிருந்து கிளம்பும்போது வெயில் கொளுத்தியது. பிளாக்ஸ்டாஃப் தாண்டும்போது இரண்டு பக்கமும் பைன் மரங்கள், ஜன்னலைத் திறந்தால் குளிர்காற்று. அப்பா எதுவும் சொல்லாமல் பின்சீட்டிலிருந்த ஸ்வெட்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தெற்கு விளிம்பு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பீனிக்ஸ் 330 மீட்டர்தான். அரை நாளில் இவ்வளவு உயரம் ஏறினால் சிலருக்கு லேசாகத் தலை வலிக்கும், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். அம்மாவுக்கு இரண்டும் வந்தது. இதை எதிர்பார்த்துத்தான் முதல் நாளில் எந்த நடையும் வைக்கவில்லை. அறையில் ஒரு மணி நேரம் படுத்தார், தண்ணீர் குடித்தார், சரியாகிவிட்டது. இதயம் அல்லது நுரையீரல் தொந்தரவு இருப்பவர்கள் இந்த உயரத்தைப் பற்றி மருத்துவரிடம் முன்பே பேசிவிடுவது நல்லது, வந்து இறங்கிய பிறகு யோசிப்பதில் பயனில்லை. இன்னொன்று, இங்கே காற்று அவ்வளவு உலர்ந்தது, வியர்ப்பதே தெரியாது, சட்டை நனையாது, ஆனால் உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும்.

மாலையில் மேத்தர் பாயிண்ட் என்ற காட்சிமுனை. முதன்முதலில் பார்ப்பதை எப்படி எழுதுவது என்று யோசித்தேன், எழுத வரவில்லை. 446 கிலோமீட்டர் நீளம், அகலமான இடத்தில் 29 கிலோமீட்டர், ஆழம் ஒரு மைலுக்கு மேல் என்று எண்களைச் சொல்லலாம். அங்கே நிற்கும்போது எண் எதுவும் உதவாது, ஏனென்றால் கண்ணுக்கு அளவுகோலாக எதிரில் ஒன்றுமே இல்லை, எதிர்ச்சுவரில் புதர் போலத் தெரிவது மரமா வீடா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. அம்மா ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இது நிஜமாவே இருக்கா, வரைஞ்சு வெச்சிருக்காங்களா?" என்றார்.

கம்பித் தடுப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முக்கியமான பாயிண்ட்களில் மட்டும்தான் தடுப்பு இருக்கிறது, விளிம்பை ஒட்டிய பாதையில் நிறைய இடங்களில் ஒன்றுமே கிடையாது. இன்று மாலை மட்டும் தடுப்பைத் தாண்டிப் போய்ப் பாறையில் நின்று படம் எடுத்துக்கொண்டவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒருவர் கேமராவைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஒவ்வொரு அடியாக நகர்கிறார், எடுப்பவர் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்கிறார். எங்கள் வீட்டு விதி எளிது: நடக்கும்போது படம் கிடையாது, படம் எடுக்கும்போது நடை கிடையாது, விளிம்பிலிருந்து ஆறடி உள்ளே. பலமாகக் காற்று அடித்தால் இன்னும் உள்ளே. ஆறடி பின்னால் நின்றாலும் படத்தில் அதே பள்ளம்தான் வருகிறது, நான் எடுத்துப் பார்த்துவிட்டேன்.

திரும்பும் வழியில் லாட்ஜ் பக்கத்துப் புல்தரையில் எல்க் மான் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது, குதிரை அளவு இருக்கும். 30 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். மே, ஜூனில் குட்டி போட்ட பெண் மான்கள் அருகே வருபவரைத் துரத்தும். ஆனால் இங்கே ஆட்களை அதிகம் கடிப்பது இந்தப் பெரிய மிருகங்கள் இல்லையாம், அணில்! தின்பண்டத்துக்காகக் காலடியிலேயே வந்து நிற்கும், கொடுக்கப் போனால் விரலையும் சேர்த்துக் கடித்துவிடும்.

வெள்ளி

இன்று அம்மாவின் நாள். ஒரு படி இறங்காமல், ஒரு மேடு ஏறாமல் முழுக் கேன்யனையும் பார்க்க முடியும் என்று அவருக்குக் காட்ட வேண்டும், அதுதான் திட்டம்.

மார்ச் முதல் நவம்பர் வரை ஹெர்மிட் ரோட்டில் சொந்தக் கார் விடமாட்டார்கள், சிவப்பு வழி என்ற ஷட்டில் பஸ்தான், இலவசம். 11 கிலோமீட்டர் சாலை, வழியெல்லாம் பாயிண்ட்கள், ஏறலாம், இறங்கலாம், அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம். திரும்பி வரும்போது எல்லா இடத்திலும் நிற்காது, பிமா, மொஹாவி, பாவெல் என்று மூன்று இடத்தில் மட்டும்தான், அதனால் பார்க்க விரும்பும் இடங்களைப் போகும்போதே பார்த்துவிடுங்கள். சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் கூட்டமெல்லாம் ஹோப்பி பாயிண்டில்தான் குவியும். நாங்கள் காலை ஆறு மணி வாக்கில் மொஹாவி பாயிண்டில் இறங்கினோம். எங்களைத் தவிர இரண்டே பேர். வெயில் ஒவ்வொரு அடுக்காகக் கீழே இறங்கியது, கடைசியில் மிகக் கீழே பழுப்பு நூலாக கொலராடோ ஆறு. அப்பா தடுப்பைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார்.

"நாளைக்கு அதைத் தொட்டுட்டு வந்துடலாமா?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். கீழே போய் ஒரே நாளில் திரும்ப வேண்டாம் என்று பூங்காவே எழுதிப் போட்டிருக்கிறது என்றேன். "அது மத்தவங்களுக்கு" என்றார். சரி, இதை இரவு பேசிக்கொள்ளலாம்.

அபிஸ் என்ற இடத்தில் சுவர் கிட்டத்தட்ட 900 மீட்டர் செங்குத்தாக இறங்குகிறது, உயரம் என்றால் பயப்படுபவர்கள் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிமா பாயிண்டில் கூட்டம் பேசாமல் இருந்த ஒரு நிமிடத்தில் கீழே ஆற்றின் இரைச்சல் கேட்டது. அம்மாவுக்கு அதைவிடப் பிடித்தது பெயர்ப் பலகைகள். பள்ளத்துக்குள் தனித்தனியாக நிற்கும் பாறைக் கோபுரங்களுக்கு விஷ்ணு டெம்பிள், பிரம்மா டெம்பிள், சிவா டெம்பிள் என்று பெயர். 1880களில் இங்கே ஆய்வு செய்த கிளாரன்ஸ் டட்டன் என்ற புவியியலாளர் தொடங்கி வைத்த வழக்கம் இது, கிழக்கத்திய மதங்களின் பெயரெல்லாம் வரைபடத்தில் ஏறிவிட்டது. இங்கே காலங்காலமாக வாழ்ந்த பழங்குடி மக்கள் அவற்றை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று பலகையில் இல்லை, அது கொஞ்சம் உறுத்தியது. அம்மா சிவா டெம்பிள் இருக்கும் திசை பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதன் உச்சி தனித்துவிடப்பட்ட நிலம், அங்கே வேறுவிதமாகப் பரிணமித்த பிராணிகள் இருக்கலாம் என்று 1937இல் நியூயார்க் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு குழு பெரிய பரபரப்போடு ஏறியது. புதிதாக ஒரு பிராணியும் இல்லை, தங்களுக்கு முன்பே யாரோ ஏறிப்போன தடயம்தான் கிடைத்தது.

மதியம் வெயிலில் வெளியே சுற்றாமல் யாவபாய் புவியியல் அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கிருந்து லாட்ஜ்கள் இருக்கும் கிராண்ட் கேன்யன் கிராமம் வரை விளிம்பிலேயே 'டிரெயில் ஆஃப் டைம்' என்று தார் போட்ட சமதளப் பாதை, சக்கர நாற்காலியும் போகும். ஒரு மீட்டருக்குப் பத்து லட்சம் ஆண்டு என்ற கணக்கில் தரையில் குறிகள் பதித்திருக்கிறார்கள், அந்தந்தக் காலத்துப் பாறைகளைக் கீழிருந்து கொண்டுவந்து ஓரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். பெரியவர்களோடு வருபவர்களுக்கு இந்தப் பூங்காவிலேயே சிறந்த இடம் இதுதான் என்பேன். ஆறு இந்தப் பள்ளத்தை அரித்தது சுமார் 50, 60 லட்சம் ஆண்டுகளில் என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள், அதாவது பாதையில் ஆறே மீட்டர், அம்மா எட்டு வைத்துக் கடந்துவிட்டார். நாம் நிற்கும் மேலடுக்குச் சுண்ணாம்புக்கல்லுக்கு வயது 27 கோடி. அடியில் ஆற்றோரம் இருக்கும் கறுப்புப் பாறைகளில் மிகப் பழையது 184 கோடி. அதை அடைய ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். முழங்கால் தேய்மானத்தோடு அம்மா 184 கோடி ஆண்டும் நடந்தார், நடுவில் மூன்று பெஞ்சில் உட்கார்ந்து. ஆறு நேற்று வந்த பிள்ளை, பாறைகள்தான் கிழடு.

இரவுப் பேச்சுவார்த்தை. அப்பா கட்சி: தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறவனுக்குப் போக வர 25 கிலோமீட்டர் ஒரு விஷயமா. என் கட்சி: மலை என்றால் முதலில் ஏற்றம், மூச்சு வாங்கினால் அங்கேயே திரும்பிவிடுவோம், இறக்கம் நம்மை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். இங்கே தலைகீழ். உடம்பில் தெம்பு இருக்கும் காலைக் குளிரில் இறக்கம், களைத்துப்போன பிறகு, வெயில் ஏறிய பிறகு, 1,300 மீட்டர் ஏற்றம். களைப்பு தெரிய ஆரம்பிக்கும்போது பாதி வேலை முடிந்திருக்காது, அப்போதுதான் தொடங்கும். கீழே போகப் போகச் சூடும் கூடும், விளிம்புக்கும் ஆற்றுக்கும் நடுவே சுமார் 11 டிகிரி வித்தியாசம்.

அப்புறம் 2004 ஜூலையில் நடந்ததைச் சொன்னேன். 24 வயதுப் பெண், மருத்துவ மாணவி, அந்த ஆண்டு பாஸ்டன் மாரத்தானைச் சுமார் மூன்று மணி நேரத்தில் ஓடி முடித்தவர். போதிய தண்ணீர் இல்லாமல் உள்ளே ஓடப் போனவர் திரும்பவில்லை. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, எதுவரைக்கும் போலாம், நீயே சொல்லு."

சனி

பிரைட் ஏஞ்சல் பாதையில் ஒன்றரை மைல் ஓய்விடம் வரை. அதுதான் ஒப்பந்தம். சவுத் கைபாப் பாதையில் காட்சி இன்னும் பிரமாதம் என்பார்கள், உண்மைதான், ஆனால் அந்தப் பாதையில் தண்ணீர் கிடையாது, நிழலும் இல்லை. பிரைட் ஏஞ்சலில் காலையில் சுவர் நிழல் விழும், ஓய்விடத்தில் கூரை, கழிப்பறை, அவசரத் தொலைபேசி, கோடைப் பருவத்தில் குடிநீர்க் குழாய். அந்தக் குழாயைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. விளிம்புக்கும் பாதைக்கும் தண்ணீர் வருவது பள்ளத்தின் குறுக்கே ஓடும் ஒரே பழைய குழாய்வழி, 1960களில் போட ஆரம்பித்தது, 2010க்குப் பிறகு மட்டும் 85 முறைக்கு மேல் பெரிதாக உடைந்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் கடைசியில் ஒரே நேரத்தில் பல இடத்தில் உடைந்து, நீண்ட வார விடுமுறைக்கு வந்தவர்களை இரவு தங்க விடாமல் அனுப்ப வேண்டியதாகிவிட்டது. அதனால் நேற்று மாலையே பூங்காவின் இணையதளத்தில் எந்தக் குழாய் ஓடுகிறது, பாதை திறந்திருக்கிறதா என்று பார்த்தோம், அப்படியும் ஆளுக்கு இரண்டு லிட்டர் விளிம்பிலேயே நிரப்பிக்கொண்டோம்.

உதயம் ஐந்தேகால். ஐந்தே முக்காலுக்கு நடக்க ஆரம்பித்தோம், அம்மா போர்வையோடு வந்து வழியனுப்பினார். ஐந்தாறு டிகிரிக் குளிர். பாதை தொடங்கும் இடத்தில் கோல்ப் சகோதரர்களின் பழைய ஸ்டுடியோ தொற்றிக்கொண்டு நிற்கிறது. கோவேறு கழுதையில் கீழே போகும் பயணிகளை இங்கிருந்து படம் எடுப்பார்களாம், படத்தைக் கழுவ விளிம்பில் நல்ல தண்ணீர் இல்லை, அதனால் சகோதரர்களில் இளையவரான எமெரி படம் பதிந்த பிளேட்டுகளோடு நாலரை மைல் கீழே இறங்கி ஓடி, ஊற்று இருக்கும் இடத்தில் கழுவி, பயணிகள் மேலே வருவதற்குள் திரும்ப ஏறி ஓடி வந்து விற்பார். அப்பா இந்தக் கதையைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அவருக்கு இருபது சொச்சம் வயசுப்பா" என்றேன், வேறு என்ன சொல்ல.

எமெரி ஓடிய அந்த ஊற்றுக்கு இப்போது ஹவசுபாய் கார்டன்ஸ் என்று பெயர். தலைமுறை தலைமுறையாக அங்கே பயிர் செய்துவந்த ஹவசுபாய் மக்களைப் பூங்கா வந்த பிறகு வெளியேற்றினார்கள், கடைசியாக இருந்தவர் வெளியேற்றப்பட்டது 1928இல். பெயரை மாற்றியது 2022இல்.

கொஞ்ச தூரத்தில் ஆரஞ்சும் காக்கியும் கலந்த உடையில் ஒரு தன்னார்வலர் பெண்மணி. எங்கே போகிறீர்கள், எவ்வளவு தண்ணீர், சாப்பிட என்ன என்று சிரித்த முகத்தோடு ஒவ்வொருவரையும் கேட்கிறார். மீட்புப் பணி வராமலிருக்க முன்கூட்டியே செய்யும் வேலை இது. அப்பா கம்பீரமாக, "ஒன்றரை மைல், இரண்டு லிட்டர், உப்புக் கடலை" என்றார். அவர் கையைத் தட்டிப் பாராட்டியதும் அப்பாவின் நடையே மாறிவிட்டது, நேற்று நான் ஒரு மணி நேரம் பேசி ஆகாதது!

உப்புக் கடலை ருசிக்காக இல்லை. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே நடந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும், பார்க்க நீர்ச்சத்துக் குறைவு போலவே இருக்கும், அதனால் இன்னும் தண்ணீர் குடிப்பார்கள், நிலைமை மோசமாகும். இங்கே இது அடிக்கடி நடப்பதுதான். நடக்கும்போது உப்பாக எதையாவது சாப்பிட்டுக்கொண்டே குடிக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் எவ்வளவு உப்பு, எவ்வளவு தண்ணீர் என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

முதல் குகைவழி தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள். எதிரே கோவேறு கழுதைகள் வரிசையாக வந்தன. அவற்றுக்குத்தான் முன்னுரிமை. பள்ளத்தின் பக்கம் ஒதுங்கவே கூடாது, சுவர்ப் பக்கம் நின்று, அசையாமல், ஓட்டிவருபவர் சொல்வதைக் கேட்டு, கடைசிக் கழுதை ஐம்பது அடி போனபிறகு நகர வேண்டும். அவை விட்டுப்போகும் குட்டைகளின் வாசனை பற்றி எழுதப் போவதில்லை.

ஓய்விடத்தை அடைய ஒரு மணி நேரம். 345 மீட்டர் இறங்கியிருந்தோம். குழாயில் தண்ணீர் வந்தது. கீழே பச்சைத் தீவு போல ஹவசுபாய் கார்டன்ஸின் மரங்கள், ரொம்பப் பக்கத்தில் இருப்பது போலத் தெரிந்தது. அதுதான் இந்த இடத்தின் பொல்லாத்தனம், எல்லாமே பக்கத்தில் தெரியும், முழங்காலும் மூச்சும் நன்றாக இருக்கும், நேரம் காலை ஏழுகூட ஆகியிருக்காது. மூன்று மைல் ஓய்விடம் வரை போய் வந்தால் என்ன என்று தம்பியே இழுத்தான். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பேசினது பேசினதுதான், ஏழே காலுக்குத் திரும்பணும்" என்றார். இறங்குவதைப் போல இரண்டு மடங்கு நேரம் ஏறுவதற்கு என்று அவரே கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

சரியாக அவ்வளவுதான் ஆனது, கொஞ்சம் கூடவே. எட்டரைக்கு வெயில் பாதையில் விழுந்ததும் நடை குறைந்தது. பேசிக்கொண்டே ஏற முடிந்தால் சரியான வேகம், பேச்சு நின்றால் நாமும் நிற்க வேண்டும், இந்த ஒரு விதி எங்களைக் காப்பாற்றியது. அரை மணிக்கு ஒருமுறை நிழலில் ஐந்து நிமிடம், காலைச் சற்று உயர்த்தி வைத்து. கழுத்துத் துண்டை நனைத்துப் போட்டுக்கொண்டோம், உலர்காற்றில் அது ஏசி மாதிரி வேலை செய்கிறது. எதிரே ஒன்பதரைக்குமேல் இறங்கி வந்துகொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தால்தான் பாவமாக இருந்தது, செருப்புக் கால், கையில் அரை லிட்டர் பாட்டில், தோளில் குழந்தை. காலை பத்திலிருந்து மாலை நாலு வரை பள்ளத்துக்குள் நடக்காதீர்கள் என்று பாதையில் பலகை இருக்கிறது, மண்டியிட்டு வாந்தி எடுக்கும் ஆளின் படத்தோடு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது, யார் நின்று பார்க்கிறார்கள். இந்தப் பூங்காவில் ஆண்டுதோறும் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோகிறார்கள். எல்லோரும் பயப்படுவது விளிம்பிலிருந்து விழுவதைப் பற்றி, உள்ளே நடப்பவர்களை வீழ்த்துவது வெயிலும் பலவீனமான இதயமும்.

மேலே வந்ததும் அம்மா பெஞ்சில் உட்கார்ந்து காண்டர் என்ற பெரிய கழுகு ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னார், இறக்கையில் எண் அட்டை, தலைக்கு நேர் மேலே போனதாம். 1982இல் உலகத்திலேயே 22தான் மிஞ்சியிருந்த பறவை அது, 1996இல் அரிசோனாவில் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள், விரித்தால் ஒன்பதடிக்கு மேல் வரும் இறக்கை. நாங்கள் மூன்று பேரும் 345 மீட்டர் இறங்கி ஏறியும் பார்க்கவில்லை. அம்மா அதை இரவு வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு

அப்பாவுக்குத் தொடையில் வலி, மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்குகிறார், ஆனால் காலை உணவின்போதே பான்டம் ராஞ்ச் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். ஆற்றங்கரையில் இருக்கும் ஒரே தங்குமிடம், நடந்தோ கழுதையிலோ படகிலோதான் போக முடியும். அறைக்குக் குலுக்கல் முறை, 15 மாதம் முன்பே பெயர் கொடுக்க வேண்டும். கூடாரம் போட்டுத் தங்குவதானால் தனி அனுமதி. ஒரே நாளில் போய் வருவதற்குப் பதில் இப்படி இரவு தங்கிவிட்டு வருவதுதான் ஆற்றைப் பார்க்க ஒழுங்கான வழி, அதுவும் அக்டோபர், நவம்பரில். எழுபதை நெருங்கும் ஒருவர் அதைச் செய்யலாமா என்று என்னைக் கேட்டார், டாக்டரைக் கேட்கலாம் என்றேன், அம்மா டாக்டரைக் கேட்கவே வேண்டாம் என்றார்.

வந்த வழியே திரும்பாமல் கிழக்கே டெஸர்ட் வியூ வழியாக வெளியேறினோம். இந்தச் சாலையில் சொந்தக் கார் போகலாம், கிராமத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், கூட்டமும் குறைவு. நேரம் இல்லாதவர்கள் லிப்பன் பாயிண்டில் மட்டுமாவது நிற்கலாம். ஆறு நீளமாக வளைந்து போவது அங்கே நன்றாகத் தெரிகிறது, அடியில் சாய்ந்து கிடக்கும் பழைய அடுக்குகளும், அவற்றின் தலையைச் சீவிவிட்டு மேலே கிடைமட்டமாகப் படிந்த புதிய அடுக்குகளும் தெரிகின்றன. நடுவே பல கோடி ஆண்டுகள் காணாமல் போயிருக்கின்றன. வெள்ளிக்கிழமை பாதையில் அந்தப் பாறைகளைத் தொட்டுப் பார்த்திருந்ததால் அம்மாவே விரலை நீட்டித் தம்பிக்குக் காட்டினார்.

டெஸர்ட் வியூவில் 21 மீட்டர் உயரக் கல் கோபுரம். 1932இல் மேரி கோல்ட்டர் கட்டியது, பழைய பூர்வகுடிக் கோபுரங்களின் சாயலில், உள்ளே ஹோப்பி பழங்குடி ஓவியர் ஃபிரெட் கபோட்டியின் சுவரோவியங்கள். படி குறுகல், அம்மா தரைத்தளத்து ஓவியங்களோடு நின்றுவிட்டார். மேலே போனால் கிழக்கே பாலைவனம் முழுக்கத் தெரியும். 1956இல் இந்தக் கிழக்குப் பகுதிக்கு மேலேதான் இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேரும் இறந்தார்கள், அமெரிக்காவின் வான்போக்குவரத்து விதிகளும் 1958இல் வந்த புதிய நிர்வாக அமைப்பும் அந்த விபத்துக்குப் பின் உருவானவை.

கடைசியாக ஒரு விஷயம், இந்த வழியாகப் போகிறவர்களுக்கு மட்டும். டெஸர்ட் வியூவிலிருந்து இறங்கி கேமரன் பக்கம் வந்தால் நவஹோ பழங்குடியினரின் நிலம். அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றாது, நவஹோ நிலத்தில் மாற்றுவார்கள், அதனால் போனில் நேரம் திடீரென்று ஒரு மணி கூடும், சிக்னல் மாறினால் திரும்பக் குறையும். அங்கிருந்து பேஜ், மான்யுமெண்ட் வேலி என்று முன்பதிவு செய்து போகிறவர்கள் அது எந்த நேரக் கணக்கு என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் நாலு போனும் மூன்று வெவ்வேறு நேரம் காட்டின. அப்பாவின் கைக்கடிகாரப்படி இப்போது மதியம் ஒன்று, சாப்பிடப் போகிறோம்.